கிணற்றில் ஏழு அங்குலம்

வேதமாணிக்கம் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. மீன்காரி சொல்கிற விலையை நம்ப மாட்டான், மீனையும் நம்ப மாட்டான். செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தூக்கின தன் விரலையும் ஒரு தடவை மோந்து பார்ப்பான். அப்படிப்பட்டவன் உலகத்தில் ஒரே ஒரு மனுஷனை நம்பினான். கிடங்கு வாட்ச்மேன் மதார் சாகிப். கடைசியில் அந்த மனுஷன் வயிற்றில்தான் அடித்தான்.

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குக் கிழக்கே, கடலிலிருந்து நூற்றைம்பது கஜம்கூட இல்லாத தூரத்தில் இருந்தது அந்தப் பஞ்சுக் கிடங்கு. வேதமாணிக்கம் அங்கே பம்பு டிரைவர். பஞ்சுப் பொதியில் நெருப்புப் பிடித்தால் அப்புறம் அணைக்கிற பேச்சே கிடையாது என்பதால், கூரைக்கு அடியில் நீளநீளமாகக் குழாய் ஓட்டி, பத்தடிக்கு ஒரு மூக்கு வைத்திருந்தார்கள். சூடு ஏறினால் மூக்கை அடைத்திருக்கும் ஈயம் உருகி, தண்ணீர் தானாகப் பூவாகக் கொட்டும். ஸ்பிரிங்க்ளர் என்று துரைமார் காலத்தில் பெயர். பொதி தூக்குகிறவர்கள் அதை மழைக்குழாய் என்றார்கள்.

மழைக்குழாய்க்குத் தண்ணீர் முன்பு கார்ப்பரேஷன் குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஐம்பத்தொன்றாம் வருஷம் கோடையில் அது நின்றது. மழை பொய்த்துப் பொய்த்து, பட்டணத்தில் குடிக்கிற தண்ணீருக்கே ஜனங்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்த காலம். நெருப்புக்கு யார் தருவார்கள்? கம்பெனி தன் வளவுக்குள் இருந்த பழைய பெரிய கிணற்றைத் தூர்வாரி, பம்பு போட்டு, அதிலிருந்து மழைக்குழாய்க்கு இணைப்புக் கொடுத்தது. இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு. கிணற்றுக்குள் இறங்குகிற உறிஞ்சு குழாயின் வாய்க்கு மேலே எட்டடித் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். எட்டுக்குக் குறைந்தால் இன்ஷூரன்ஸ் கிடையாது. கிணற்றுச் சுவரில் வெள்ளைப் பெயின்டில் அடியும் அங்குலமும் கோடு இழுத்தார்கள். தினம் காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதினதும் வேதமாணிக்கம் எட்டிப் பார்த்து, கோட்டை நோட்டில் எழுதவேண்டும். குறைந்தால் முதலில் கேட்கப்படுகிற ஆளும் அவன்தான்.

முதல் நாள் எட்டடி ஆறு அங்குலம் இருந்தது. பிறகு ஒவ்வொரு நாளாக ஒன்று, ஒன்றரை என்று குறைந்துகொண்டே வந்து, வாரக் கடைசியில் ஏழடிப் பதினோரு அங்குலத்தில் நின்றது. பம்பை அவன் தொடவே இல்லை. மேனேஜர் நோட்டைப் பார்த்துவிட்டு, பம்பைத் தனியாக ஓட்டி யாருக்காவது தண்ணீர் விடுகிறாயா என்று அவனையே கேட்டார். ஊரே குடத்தோடு அலைகிறபோது கேட்காமல் இருப்பாரா? அவன் பிள்ளைமேல் சத்தியம் பண்ணினான். மறுவாரம் தண்ணீர் தானாக ஏறி, பழையபடி எட்டடி ஆறுக்கு வந்தது. அப்பாடா என்றிருந்தான். அதற்கு அடுத்த வாரம் மறுபடி இறங்கியது. அங்குலம் பிசகாமல் அதே ஏழு அங்குலம்.

எந்திரம் ஓட்டுகிறவனுக்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டும். வேதமாணிக்கம் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தான். ஒரு வாரம் குறைகிறது, ஒரு வாரம் ஏறுகிறது. வளவில் வாரத்துக்கு வாரம் மாறுவது வேறு எது? வாட்ச்மேன் டூட்டி. ஒரு வாரம் மதார் சாகிபுக்கு ராத்திரி, லூயிசுக்குப் பகல். மறு வாரம் லூயிசுக்கு ராத்திரி, இவருக்குப் பகல். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். தண்ணீர் குறைகிற வாரமெல்லாம் மதார் சாகிபின் ராத்திரி.

அவனுக்கே முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. ஆறு வருஷமாகத் தினம் ஒரு கிளாஸ் டீயை இரண்டாக ஆற்றிக் குடிக்கிறவர்கள் அவர்கள். அவன் மனைவி சிலுவையம்மாளுக்கு ஜன்னி கண்டபோது, கேட்டை லூயிசிடம் விட்டுவிட்டு ரிக்ஷா பிடித்து வந்தவர் மதார் சாகிப். ஆனால் சந்தேகம் என்பது காலில் தைத்த மீன்முள். எடுக்கிற வரைக்கும் அடுத்த அடி வைக்க விடாது.

பார்க்கப் பார்க்க எல்லாம் பொருந்தி வந்தது. மதார் சாகிபும் அவர் மனைவி பதுருன்னிசாவும் கேட்டை ஒட்டின ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். பதுருன்னிசாவின் அண்ணன் அலி அக்பருக்கு வண்ணாரப்பேட்டையில் தொழிலே தண்ணீர் வண்டி. மாட்டு வண்டியில் பீப்பாய் கட்டித் தெருத்தெருவாக விற்கிறவர். வாரத்தில் இரண்டு நாள் அந்த வண்டி கேட்டுக்கு வெளியே வந்து நிற்கும். இருபதடி வாயுள்ள கிணற்றில் ஏழு அங்குலம் என்றால் ஆயிரம் காலனுக்கு மேலே. ஒரு ராத்திரியில் ஆகாது, ஒரு வாரத்தில் தாராளமாக ஆகும். விடிகாலையில் கேட்டருகே மண் நனைந்திருக்கும். மதார் சாகிப் தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற இடம் அது என்று வேதமாணிக்கத்துக்கு ஆறு வருஷமாகத் தெரியும். தெரிந்தும் இப்போது குனிந்து, ஈரம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சாண் போட்டுப் பார்த்தான்.

ஒரு ராத்திரி பம்பு ஷெட்டில் பதுங்கியிருந்தும் பார்த்தான். எலி ஓடினது தவிர எதுவும் நடக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான். இவனோ, நான் பதுங்கியிருப்பது பாய்க்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று முடிவு கட்டினான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவனுக்கு வெளிச்சத்திலும் பேய்தான் தெரிந்தது.

மூன்றாம் தடவையும் மதார் சாகிபின் வாரத்தில் தண்ணீர் ஏழடிப் பதினொன்றுக்கு வந்ததும் அவன் நோட்டை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனான். இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர் அடுத்த மாதம் வரப்போகிறார், கிடங்கு முழுக்க சரக்கு, மேனேஜருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. தேதியும் டூட்டியும் பொருந்துவதைப் பார்த்ததும் அவர் வேறு எதையும் கேட்கவில்லை. மதார் சாகிபை அங்கேயே கூப்பிட்டு, தண்ணீர் வண்டி யாருடையது என்று மட்டும் கேட்டார். மச்சானுடையது என்றார் அவர். விசாரணை முடிந்தது.

மதார் சாகிப் மேனேஜரிடம் கெஞ்சவில்லை. திரும்பி வேதமாணிக்கத்தைப் பார்த்தார்.

"மாணிக்கம், நான் தண்ணி எடுத்தத நீ பாத்தியா?"

"பாக்கல பாய். நோட்டு சொல்லுது."

"நோட்டு சொல்லுதா" என்றார். சாயங்காலத்துக்குள் அறையைக் காலி பண்ணினார்கள். பாயும் பெட்டியும் சட்டிபானையும் ஏற்ற அலி அக்பர் அதே தண்ணீர் வண்டியைத்தான் கொண்டுவந்தார். பதுருன்னிசா தலையில் முக்காடு நழுவாமல் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தாள். பொதி தூக்குகிறவர்கள் கூடி நின்று பார்த்தார்கள். மேஸ்திரி, நான் அப்போதே சொன்னேன் என்றான். அவன் எப்போதும் எதுவும் சொன்னதில்லை.

புது வாட்ச்மேன் வந்தான். தண்ணீர் எட்டடி ஆறுக்கு ஏறியது. பார்த்தாயா என்று வேதமாணிக்கம் சிலுவையம்மாளிடம் சொன்னான். அவள் சோற்றைப் போட்டுவிட்டு அந்தப்பக்கம் போய்விட்டாள். கேட்டு அறையில் இருந்தபோதே பதுருன்னிசாவைக் கல்மண்டபத்துத் தெருக்குழாயில் குடத்தோடு பார்த்ததாகச் சொல்லி, வண்டித் தண்ணீர் விற்கிறவன் தங்கை எதற்கு வரிசையில் நின்றாள் என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரம் தண்ணீர் இறங்கியது.

வேதமாணிக்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டு கோட்டைப் பார்த்தான். எட்டடி நாலு. மறுநாள் எட்டடி இரண்டு. மதார் சாகிப் இல்லை, அலி அக்பரின் வண்டி இந்தப் பக்கமே வருவதில்லை. அப்படியானால் லூயிஸ். ஒரே கோயிலில் பக்கத்தில் முழங்கால் போடுகிறவன், இவனா என்று நினைத்தான். புது வாட்ச்மேனாகவும் இருக்கலாம். மேஸ்திரியும் கூட்டாக இருக்கலாம், இல்லாவிட்டால் அன்றைக்கு ஏன் அவ்வளவு அவசரமாக ஒத்து ஊதினான்? திருடன் பட்டியல் நீண்டதே ஒழிய தண்ணீர் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழடிப் பதினொன்று.

அன்றைக்குப் பூசை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே கிடங்குக்கு வந்தான். எல்லாரும் லீவில் இருக்கிற நேரம்தான் திருடனுக்கு வசதி, கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று எண்ணம். மணி பத்தேகால். வளவில் ஒருவரும் இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்தான்.

எட்டடி எட்டு அங்குலம்.

அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். மழை இல்லை. யாரும் ஊற்றவில்லை. திருடன் திருடுவான், திருடினதைத் திரும்பக் கொண்டுவந்து, கூடவே இரண்டு அங்குலம் வட்டியும் போட்டு ஊற்றிவிட்டா போவான்? அங்கேயே உட்கார்ந்தான். மணிக்கு ஒரு தடவை பார்த்தான். பதினொன்றரைக்குப் பிறகு தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. இரண்டு மணிக்கு எட்டடி நாலு. நான்கு மணிக்கு எட்டடிக்கும் கீழே. ஒரு மனுஷன் கிணற்றுக்குப் பக்கத்தில் வரவில்லை. ஏழு அங்குலமும் வட்டியும் அவன் கண்ணெதிரில் போயிற்று. சுவரில் நனைந்து பளபளத்த பட்டைதான் பாக்கி.

பசியோ பயமோ தெரியாமல் எழுந்து கடற்கரைப் பக்கமாக வீட்டுக்கு நடந்தான். மணலில் அவன் அண்ணன் தாமஸ் தன் கட்டுமரத்தை இன்னும் இரண்டு பேரோடு மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். குடும்பமே கடல் தொழில். வேதமாணிக்கம் ஒருத்தன்தான் கவுச்சி வேண்டாம் என்று கம்பெனிக் காக்கி மாட்டிக்கொண்டு, கடற்கரையை முகம் திருப்பிக் கடந்துபோகிறவன். அன்றைக்கு நின்றான். தண்ணீர் அவ்வளவு தூரத்தில் இருக்கும்போது எதற்கு இழுக்கிறீர்கள் என்று கேட்டான்.

"அமாவாசையாச்சே. ராவுக்கு ஏறி வரும்டா" என்றார் தாமஸ். "காலீல கூட இங்க வரைக்கும் வந்துட்டுத்தான் போச்சு."

"தெனம் இதே நேரத்துக்கு வருமா?"

தாமஸ் கயிற்றை விட்டுவிட்டுத் தம்பியை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னாடா நைனா, ராயபுரத்துல பொறந்துட்டு இத்தக் கேக்குற? ஒரு நாளிக்கி ரெண்டு தபா ஏத்தம், ரெண்டு தபா வத்தம். நாளிக்கி இன்னிய வுட ரெண்டு நாழி தள்ளி வரும். நாளான்னிக்கி இன்னும் ரெண்டு நாழி. அமாவாசைக்கும் பவுர்ணமிக்கும் சுத்திகினு அதே நேரத்துக்கு வந்து நிக்கும். கடலு உங்க கம்பெனி சங்கு கேட்டா ஏறுது?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வேதமாணிக்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் ஏறினால் மணலுக்குள் ஊறிக் கிணறும் ஏறுகிறது, கொஞ்சம் பிந்தி. கடல் இறங்கினால் கிணறும் இறங்குகிறது. நாளுக்கு இரண்டு நாழிகை, அதாவது முக்கால் மணிக்குக் கொஞ்சம் மேலே, நகர்கிற ஒன்றை, நகராத ஆறு மணிச் சங்குக்கு அளந்து எழுதினால், ஒரு வாரம் குறைவதாகவும் ஒரு வாரம் கூடுவதாகவும்தான் தெரியும். அதற்கும் வாட்ச்மேன் டூட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அமாவாசைக்கும் பவுர்ணமிக்கும் நடுவே பதினைந்து நாளில் சுற்றி வருகிறது கடல், பதினான்கு நாளில் சுற்றி வருகிறது டூட்டி, இரண்டும் கொஞ்ச காலம் கூடவே நடந்திருக்கின்றன. வேறு ஊர்க்காரன் தப்பாக எழுதினான் என்றால் மன்னிக்கலாம். அவனுடைய அப்பன், பாட்டன் எல்லாரும் இந்த ஏற்ற வற்றத்தைப் பார்த்துப் பிழைத்தவர்கள். அவமானத்தில் காது சுட்டது. அதைவிட, நோட்டு சொல்லுதா என்று கேட்ட குரல் காதை விட்டுப் போகவில்லை.

திங்கட்கிழமை மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கதவைச் சாத்தினார்.

"திருட்டுன்னு ஹெட் ஆபீசுக்கு எழுதியாச்சு. ஆளை நிறுத்தியாச்சு. இப்போ கடல்தான் திருடுச்சுன்னு நான் எழுதவா? கடலோட ஏறி இறங்குற கிணறுன்னா இன்ஷூரன்ஸ்காரன் வேண்டாம்னுடுவான். வேற தண்ணி எங்க இருக்கு?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தணித்தார். "எந்தெந்த நாள், எத்தனை மணிக்குக் கிணறு நிறைஞ்சிருக்கும், அதைச் சொல்லு. அந்த நேரமாப் பார்த்து இன்ஸ்பெக்டரை வரவழைக்கிறேன்."

வேதமாணிக்கம் சொன்னான். சொல்லிவிட்டு வெளியே வந்தபோது தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. திருட்டு என்றால் என்ன என்று அப்போதுதான் அவனுக்குக் கொஞ்சம் விளங்கியது. இரண்டு தடவை வண்ணாரப்பேட்டைக்குப் போய், அலி அக்பர் வீட்டுத் தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். வெறுங்கையோடு போய் என்ன சொல்வது? மதார் சாகிப் ஏதோ இரும்புக் கடையில் கம்பி தூக்கப் போவதாகவும், ஐம்பது வயசில் தோள் கிழிந்து கிடப்பதாகவும் லூயிஸ் சொன்னான்.

பவுர்ணமிக்கு மறுநாள் காலை பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மேனேஜர் குறித்துக் கொடுத்த நேரம். கிணறு எட்டடி எட்டில் ததும்பிக்கொண்டிருந்தது. வேதமாணிக்கம் பம்பை ஓட்டினான். சோதனைக் குழாயில் தண்ணீர் பீறிட்டு அடித்தது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தையும் கோட்டையும் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார். எல்லாம் திருப்தி. கடைசியில், திருட்டைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். மேனேஜர் வேதமாணிக்கத்தின் தோளில் கைவைத்து, இவன்தான், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறவன் என்றார். நல்ல வேலை செய்தாய் என்று இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பிடிக்க அவனால் முடியவில்லை.

"திருட்டு நடக்கல சார்" என்றான். "இது கடல் ஏத்தம். நாலு மணிக்கு வந்தீங்கன்னா எட்டடி இருக்காது. நான் தப்பா எழுதி ஒரு மனுஷன் சோத்துல மண்ணப் போட்டுட்டேன்."

மேனேஜரின் கை தோளிலிருந்து நழுவியது. வேதமாணிக்கம் வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு, நோட்டைப் பிரித்து அமாவாசை பவுர்ணமிக் கணக்கை முழுக்கச் சொன்னான். இன்ஸ்பெக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். கோபிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. கடலோரத்துக் கிணறுகள் இப்படித்தான் இருக்கும், மாத்தூர்ப் பக்கம் உள்ளே போனால்தான் இந்தத் தொந்தரவு கிடையாது என்றார். உறிஞ்சு குழாயை இன்னும் இரண்டடி கீழே இறக்கிவிடுங்கள், அளவைக் காலை ஆறு மணிக்கு எடுக்காமல் வற்றத்தில் எடுத்து எழுதுங்கள், போதும் என்றார். காகிதத்தில் அதை எழுதி, திருட்டு என்றிருந்த வரியை அடித்துவிட்டு, அந்த வாட்ச்மேனை என்ன செய்தீர்கள் என்று மேனேஜரைக் கேட்டார்.

இரண்டடிக் குழாய். அரை நாளில் பொருத்திவிட்டார்கள்.

வேதமாணிக்கத்தின் வேலை போகவில்லை. இன்ஸ்பெக்டரின் காகிதத்தில் அவன் பெயரும் ஏறியிருந்ததால் மேனேஜர் அவனைத் தொட முடியவில்லை, பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். மதார் சாகிபைத் திரும்ப எடுத்துக்கொள்கிற கடிதத்தை வேதமாணிக்கமே வண்ணாரப்பேட்டைக்குக் கொண்டுபோனான். வாசலிலேயே நின்று கடல் ஏற்றத்தைப் பற்றி, தேதிகளைப் பற்றி, அண்ணன் சொன்னதைப் பற்றி எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னான். மன்னிச்சிடு பாய் என்றும் சொன்னான். மதார் சாகிப் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை வருகிறேன் என்றார்.

வந்தார். அறையும் திரும்பக் கிடைத்தது. சாயங்காலம் சங்கு ஊதியது. வேலை முடிந்து போகிறவர்களைக் கேட்டில் சோதித்து விடுவது கிடங்கு வழக்கம். மடி, தலைப்பாகை, சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் பார்ப்பார்கள். மேஸ்திரியையும் பம்பு டிரைவரையும் மட்டும் சோதிப்பதில்லை, அது அவர்களுக்கு வாட்ச்மேன் தருகிற மரியாதை. வேதமாணிக்கம் எப்போதும்போல் வரிசைக்குப் பக்கவாட்டில் நடந்தான். ஒரு கை குறுக்கே வந்தது.

"தூக்கத் தொற."

"இன்னா பாய், என்னையுமா?"

"உன்னத்தான்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்தாவது தீர்த்திருப்பான். வேதமாணிக்கம் தூக்கைத் திறந்தான். மதார் சாகிப் மூன்று அடுக்கையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பின்னால் வரிசை காத்து நின்றது. பார்த்து முடித்துவிட்டு மூடிக் கொடுத்தார்.

மதார் சாகிப் அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அந்தக் கேட்டில் இருந்தார். ஒரு நாளாவது தூக்கைத் திறந்து பார்க்காமல் அவனை வெளியே விட்டதில்லை.